சாவி யாரிடம் இருக்கிறது? - தூரத்துக் கம்ப்யூட்டரைத் திறக்கும் ஒரு வரிக் கட்டளை!

வேலூரிலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையில், பாகாயம் தாண்டினால் வருகிறது கணியம்பாடி. மருத்துவ ஆய்வு உலகில் இந்த ஒன்றியத்துக்குத் தனிப் பெயர் உண்டு. வேலூர் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரியின் சமுதாய மருத்துவத் துறை, பல பத்தாண்டுகளாக இங்குள்ள கிராமங்களின் பிறப்பு, இறப்பு, கர்ப்பம், தடுப்பூசி என எல்லாவற்றையும் பதிவு செய்துவருகிறது. கிராம சுகாதாரப் பணியாளர் வீடு வீடாகப் போய்க் கேட்டு வருவார். அதை நர்ஸ் சரிபார்ப்பார். பிறகு டாக்டர் பார்ப்பார். ஒரு லட்சத்துக்கும் அதிகமான மக்களைப் பற்றிய தகவல்கள் இப்படி நடந்தே சேகரிக்கப்பட்டன. அந்தப் பதிவுகளை வைத்து எழுதப்பட்ட ஆய்வுகள் 'பி.எம்.ஜே.', 'லான்செட்' போன்ற உலகப் புகழ்பெற்ற மருத்துவ இதழ்களில் வெளியாகியிருக்கின்றன.

தகவலைச் சேகரிக்க இன்றும் ஒருவர் நடந்துதான் ஆக வேண்டும். ஆனால், சேகரித்த தகவல் ஒரு கம்ப்யூட்டருக்குள் போய்விட்ட பிறகு, அதை எடுக்க யாரும் நடக்க வேண்டியதில்லை. வேறு ஊரில், ஏன்... வேறு நாட்டில் உட்கார்ந்துகொண்டு ஒரே ஒரு வரி டைப் செய்தால் போதும். ஃபைல் திறக்கும், பிரின்டர் ஓடும், மெஷின் அணையும்.

சினிமாவில் ஹீரோவின் நண்பர் கறுப்புத் திரையில் மளமளவென்று எதையோ தட்டி, "உள்ளே போயிட்டேன்!" என்று கத்துவாரே... நிஜத்தில் அது அவ்வளவு மர்மமான விஷயம் அல்ல. அதில் பெரும்பகுதி, கம்ப்யூட்டரோடு சேர்ந்தே வரும் சாதாரணக் கட்டளைகள்தான். அவற்றை என்ஜினீயர்கள் தினமும் பயன்படுத்துகிறார்கள். திருடர்களும் பயன்படுத்துகிறார்கள். தமிழ்நாட்டின் கூடங்குளம் அணுமின் நிலையத்தைப் பற்றி 2019-ல் எழுந்த பெரும் பரபரப்பின் நடுவில் இருந்ததும் அப்படி ஒரு வரிதான்.

முகவரி, கதவு, பெயர், சாவி!

முதலில் இது எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம்.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனி என்று வைத்துக்கொள்வோம். வெளிநாட்டு ஆர்டர் விவரம் எல்லாம் ஆபீஸில் இருக்கும் ஒரு கம்ப்யூட்டரில் இருக்கிறது. அதே வளாகத்தின் கோடியில் குடோன். அங்கே பெட்டி கட்டுகிறவருக்கு, எந்த சைஸில் எத்தனை ஜோடி என்ற பேக்கிங் லிஸ்ட் வேண்டும். ஒவ்வொரு முறையும் பென் டிரைவை எடுத்துக்கொண்டு ஆபீஸுக்கும் குடோனுக்கும் நடக்க முடியாது. எனவே, இரண்டு கம்ப்யூட்டர்களையும் ஒரே நெட்வொர்க்கில் இணைத்து வைத்திருப்பார்கள்.

இப்போது குடோன் கம்ப்யூட்டரில், 'கமாண்ட் பிராம்ப்ட்' எனப்படும் அந்தக் கறுப்புப் பெட்டியைத் திறந்து, 'நெட் யூஸ்' என்று ஆரம்பிக்கும் ஒரு வரியை அடிக்கிறார் ஒருவர். அந்த வரியில் நான்கு விஷயங்கள் இருக்கும். எந்தக் கம்ப்யூட்டர்? அதில் எந்த ஃபோல்டர்? கேட்பவர் பெயர் என்ன? அவருடைய பாஸ்வேர்டு என்ன? ஒரு வீட்டுக்குப் போவது போலத்தான். முதலில் முகவரி, பிறகு எந்தக் கதவு, அடுத்து போகிறவரின் பெயர், கடைசியாகச் சாவி.

நான்கும் சரியாக இருந்தால், ஆபீஸ் கம்ப்யூட்டரின் அந்த ஃபோல்டர், குடோன் கம்ப்யூட்டரில் ஒரு புது டிரைவாக வந்து நிற்கும். சி டிரைவ், டி டிரைவ் இருப்பது போல, 'இசட்' டிரைவ் என்று ஒன்று. அதைத் திறந்து படிக்கலாம், அனுமதி இருந்தால் திருத்தலாம், அழிக்கவும் செய்யலாம். இதே கட்டளையால் தூரத்தில் இருக்கும் பிரின்டரையும் தன்னுடையதாக இணைத்துக்கொள்ள முடியும்.

இதற்குத் துணையாக இன்னும் சில கட்டளைகள் உண்டு. 'பிங்' என்று அடித்தால், எதிர்முனைக் கம்ப்யூட்டர் விழித்திருக்கிறதா என்று தெரியும். 1983-ல் அமெரிக்காவைச் சேர்ந்த மைக் மூஸ் எழுதிய குட்டி புரோகிராம் இது. நீர்மூழ்கிக் கப்பலைக் கண்டுபிடிக்க அனுப்பும் சோனார் ஒலி மோதித் திரும்புமே, அந்தச் சத்தத்தின் பெயரையே வைத்தார். 'டாஸ்க்லிஸ்ட்' அடித்தால், கம்ப்யூட்டரில் என்னென்ன புரோகிராம்கள் ஓடுகின்றன என்று பட்டியல் வரும். 'நெட்ஸ்டாட்' அடித்தால், அது யார் யாருடன் பேசிக்கொண்டிருக்கிறது என்று தெரியும். 'ஷட்டவுன்' கட்டளையால், உரிய அனுமதி உள்ளவர் தன் இடத்தில் இருந்தபடியே இன்னொரு கம்ப்யூட்டரை அணைக்க முடியும்.

இவை எதுவும் ரகசியம் அல்ல. அண்ணா பல்கலைக்கழகத்தின் கம்ப்யூட்டர் சயின்ஸ் பாடத்திட்டத்தில், நெட்வொர்க் லேபின் முதல் பயிற்சியிலேயே 'நெட்ஸ்டாட்' போன்ற கட்டளைகள் வந்துவிடும். வேலூர், ஆம்பூர் பக்கத்து இன்ஜினீயரிங் கல்லூரிகளில் படிக்கும் பிள்ளைகள் இதைச் செய்து பார்த்துத்தான் தேர்வு எழுதுகிறார்கள்.

அஞ்சல் அட்டையும் மூடிய உறையும்!

தூரத்து ஃபைலைத் திறக்கும் இந்த வசதிக்கு வயது 40-க்கும் மேல். 1980-களின் தொடக்கத்தில், ஐ.பி.எம். நிறுவனத்தின் பேரி ஃபைகன்பாம் இதற்கான விதிமுறையை உருவாக்கினார். முதலில் தன் பெயரின் மூன்று முதலெழுத்துகளையே அதற்கு வைத்தார். பிறகு 'எஸ்.எம்.பி.' என்று பெயர் மாறியது. இன்றும் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் ஒன்றின் ஃபைலை ஒன்று எடுப்பது, அந்த வழியில் வந்த முறையில்தான்.

ஃபைல் மட்டும் போதாது, தூரத்துக் கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்திருப்பது போலவே அதை இயக்க வேண்டும் என்பவர்களுக்கு 'டெல்நெட்' இருந்தது. அதில் ஒரு பெரிய ஓட்டை. நீங்கள் அடிக்கும் பாஸ்வேர்டு, அஞ்சல் அட்டையில் எழுதிய கடிதம் போல, வழியில் யார் வேண்டுமானாலும் படிக்கக்கூடிய வடிவில் போகும்.

1995-ல் ஃபின்லாந்தின் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக நெட்வொர்க்கில் யாரோ ஒளிந்திருந்து, அப்படிப் போன பாஸ்வேர்டுகளை எல்லாம் படித்துவிட்டார்கள். அங்கே ஆய்வாளராக இருந்த டாட்டு யுலோனன், 'இனி இது நடக்கக் கூடாது' என்று உட்கார்ந்து எழுதியதுதான் 'எஸ்.எஸ்.எச்.' பாஸ்வேர்டும், அதன் பிறகு அடிக்கும் ஒவ்வோர் எழுத்தும் பூட்டிய உறைக்குள் போகும். அந்த ஜூலையில் இலவசமாக வெளியிட்டார். அந்த ஆண்டு முடிவதற்குள் சுமார் 50 நாடுகளில் 20,000 பேர் பயன்படுத்த ஆரம்பித்துவிட்டார்கள். இன்று உலகின் பெரும்பாலான சர்வர்களை என்ஜினீயர்கள் நிர்வகிப்பது இந்த வழியில்தான்.

வழியில் படிப்பதை எஸ்.எஸ்.எச். தடுத்துவிட்டது. ஆனால், பாஸ்வேர்டு வீட்டிலேயே திருடு போனால்? கம்ப்யூட்டருக்கு உங்கள் முகம் தெரியாது, குரல் தெரியாது. பெயரும் பாஸ்வேர்டும் சரியாக இருந்தால், வந்திருப்பது நீங்கள்தான் என்று நம்பிவிடும். இந்த நம்பிக்கைதான் எல்லா வில்லங்கத்துக்கும் வாசல்.

கூடங்குளத்தில் என்ன நடந்தது?

2019 அக்டோபர் 28. இணையத்தில் ஒரு வைரஸ் மாதிரி பற்றிய பேச்சு பரவியது. உலகெங்கும் இருக்கும் நிபுணர்கள் சந்தேகத்துக்குரிய ஃபைல்களைப் போட்டுச் சோதிக்கும் 'வைரஸ்டோட்டல்' தளத்தில் அந்த மாதிரி இருந்தது. அதன் பெயர் 'டிட்ராக்'. ஒரு கம்ப்யூட்டருக்குள் புகுந்துவிட்டால், விசைப்பலகையில் அடிப்பதைப் பதிவு செய்யும். பிரவுசரில் என்னென்ன பார்த்தார்கள் என்று எடுக்கும். நெட்வொர்க் விவரங்களையும், ஓடும் புரோகிராம்களின் பட்டியலையும், ஃபைல் பெயர்களையும் திரட்டும். ஆம், லேபில் மாணவர்கள் பழகும் அதே வகைக் கட்டளைகளை வைத்துத்தான்.

நிபுணர்களைத் தூக்கிவாரிப்போட்டது வேறு ஒன்று. அந்த வைரஸ் மாதிரிக்குள்ளேயே ஒரு 'நெட் யூஸ்' வரி எழுதப்பட்டிருந்தது. எந்தக் கம்ப்யூட்டர் என்ற எண், அதன் சி டிரைவ், அட்மினிஸ்ட்ரேட்டர் என்ற பெயர், கூடவே பாஸ்வேர்டு... நான்கும் அதில் இருந்தன. பெயருக்கு முன்னால் கூடங்குளம் அணுமின் திட்டத்தின் ஆங்கிலச் சுருக்கெழுத்துகள்! திரட்டிய தகவலை, உள் நெட்வொர்க்கிலேயே இருக்கும் இன்னொரு கம்ப்யூட்டரில் கொண்டுபோய்ச் சேர்க்க எழுதப்பட்ட வரி அது. போகிற போக்கில் எங்கெங்கோ பரவும் வைரஸில் இப்படி ஒரு குறிப்பிட்ட இடத்தின் பாஸ்வேர்டு இருக்காது. எழுதியவர்கள் அந்த நெட்வொர்க்கைப் பற்றி ஏற்கெனவே அறிந்திருக்க வேண்டும்.

இங்கே அந்த சி டிரைவ் பற்றி ஒரு விஷயம். விண்டோஸ் கம்ப்யூட்டர்களில், நிர்வாகிகளின் வசதிக்காக முழு டிரைவையும் தூரத்திலிருந்து திறக்க ஒரு மறைவான பகிர்வு இருக்கும். அதன் பெயரின் முடிவில் ஒரு டாலர் குறி இருக்கும். அந்தக் குறி இருந்தால், மற்றவர்கள் பார்க்கும் பட்டியலில் அது தெரியாது. கொல்லைப்புறக் கதவு மாதிரி. ஆனால், அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்டு கையில் இருப்பவருக்கு அது திறந்த கதவுதான்.

அக்டோபர் 29-ம் தேதி, கூடங்குளம் அணுமின் நிலையம் ஒரு மறுப்பு வெளியிட்டது. இந்திய அணுமின் நிலையங்களின் கட்டுப்பாட்டு அமைப்புகள் இன்டர்நெட்டோடு இணைக்கப்படாமல் தனித்து இயங்குகின்றன, அவற்றின் மீது சைபர் தாக்குதல் நடத்த முடியாது என்பது அதன் சாரம். ஆனால், மறுநாளே இந்திய அணுசக்திக் கழகம், தன் கம்ப்யூட்டர் ஒன்றில் வைரஸ் கண்டறியப்பட்டது உண்மைதான் என்று அறிவித்தது. செப்டம்பர் 4-ம் தேதியே, மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான 'செர்ட்-இன்' அதைக் கண்டு தகவல் தந்திருந்தது. அணுசக்தித் துறை நிபுணர்கள் உடனே விசாரித்தார்கள். பாதிக்கப்பட்டது, நிர்வாகப் பணிகளுக்காக இன்டர்நெட்டோடு இணைந்திருந்த நெட்வொர்க்கில் ஒருவர் பயன்படுத்திய கம்ப்யூட்டர். அணு உலை சார்ந்த முக்கிய நெட்வொர்க் அதிலிருந்து தனித்து இருந்ததால், அங்கே பாதிப்பு இல்லை என்று அந்த அறிவிப்பு சொன்னது.

இதற்கு ஒரு மாதம் முன்னால், செப்டம்பர் 2019-லேயே, காஸ்பர்ஸ்கி நிறுவனம் இதே டிட்ராக் குடும்பத்தைப் பற்றி எச்சரித்திருந்தது. இந்திய ஏ.டி.எம்.களில் கார்டு விவரங்களைத் திருடும் ஒரு வைரஸை ஆராயப் போய், அதன் உறவுக்கார வைரஸாக இதைக் கண்டுபிடித்தார்கள். வட கொரியாவோடு தொடர்புபடுத்தப்படும் 'லாசரஸ்' குழுவின் கைவரிசை என்றார்கள்.

கூடங்குளம் சொல்லும் பாடம் இரண்டு. ஒன்று, ஆபீஸ் நெட்வொர்க்கையும் உலை நெட்வொர்க்கையும் தனித்தனியாக வைத்தது காப்பாற்றியது. இரண்டு, அவ்வளவு பாதுகாப்பான இடத்திலேயே, அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்டு வெளியே போயிருந்தது. காவலாளியும் கம்பி வேலியும் இருக்கும் இடத்திலேயே சாவி திருடுபோகும் என்றால், மற்ற இடங்களைச் சொல்லவா வேண்டும்?

கரன்ட் கட் காப்பாற்றிய கதை!

திருடிய சாவியால் என்ன செய்ய முடியும் என்பதை உலகம் அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே பார்த்திருந்தது.

மார்க் ருசினோவிச் என்ற நிபுணர், நிர்வாகிகளுக்காக 'பி.எஸ்.எக்ஸெக்' என்ற கருவியை எழுதியிருந்தார். ஒரு கம்ப்யூட்டரில் உட்கார்ந்துகொண்டு இன்னொன்றில் எந்தக் கட்டளையையும் ஓட்டலாம். நூறு கம்ப்யூட்டர் இருக்கும் ஆபீஸில், ஒவ்வொரு மேஜையாக நடக்காமல் வேலையை முடிக்க அருமையான சாதனம்.

2017 ஜூன் 27-ம் தேதி, 'நாட்பெட்யா' என்ற வைரஸ் அந்தக் கருவியையே எடுத்துக்கொண்டது. உக்ரைனில் பல நிறுவனங்கள் பயன்படுத்திய ஒரு வரிக் கணக்கு சாஃப்ட்வேரின் அப்டேட் வழியாக உள்ளே வந்தது. வந்தவுடன், கம்ப்யூட்டரின் மெமரியில் தங்கியிருக்கும் பாஸ்வேர்டுகளைப் பொறுக்கியது. அவற்றை வைத்து அடுத்த கம்ப்யூட்டருக்கு, அங்கிருந்து அடுத்ததற்கு என்று தாவியது. போன இடமெல்லாம் ஃபைல்களைத் திறக்க முடியாதபடி சிதைத்துவிட்டது.

உலகின் மிகப் பெரிய கன்டெய்னர் கப்பல் நிறுவனமாக இருந்த மெர்ஸ்க் முடங்கியது. மும்பை ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் அதன் குழுமம் நடத்திய டெர்மினலிலும் வேலை தடைப்பட்டது. ஆம்பூர், ராணிப்பேட்டை, வாணியம்பாடியில் இருப்பவர்களுக்கு கன்டெய்னர் ஒரு நாள் தாமதமானால் என்ன ஆகும் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சீசனுக்கு முன் கடைக்குப் போய்ச் சேராத ஷூவை, வாங்குகிறவர் தள்ளுபடி கேட்காமல் எடுக்க மாட்டார்.

மெர்ஸ்க் மீண்டது எப்படி? யாருக்கு என்ன அனுமதி என்ற மொத்தப் பதிவேட்டையும் வைத்திருக்கும் சர்வர்கள் அந்த நிறுவனத்தில் சுமார் 150 இருந்தன. ஒன்று போனால் மற்றொன்று கைகொடுக்கும் என்று, எல்லாவற்றிலும் ஒரே பிரதியை வைத்திருந்தார்கள். எல்லாம் ஒன்றோடு ஒன்று இணைந்திருந்ததால், எல்லாமே ஒன்றாக அழிந்தன. ஒன்றைத் தவிர!

ஆப்பிரிக்காவின் கானா நாட்டு அலுவலகத்தில், வைரஸ் வருவதற்கு முன் கரன்ட் கட் ஆகியிருந்தது. அங்கிருந்த சர்வர் நெட்வொர்க்கிலிருந்து அறுந்து கிடந்தது. அதனாலேயே தப்பியது. அதன் தகவலை இன்டர்நெட் வழியே அனுப்ப முடியாத அளவுக்கு லைன் மெதுவாக இருந்தது. கானா ஊழியர்களிடம் பிரிட்டன் விசா இல்லை. எனவே, ஒருவர் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துக்கொண்டு நைஜீரியாவுக்கு விமானம் ஏறினார். அங்கே இன்னொருவரிடம் கொடுத்தார். அவர் அதை லண்டனுக்குக் கொண்டுவந்து சேர்த்தார். 4,000 சர்வர்களையும் 45,000 கம்ப்யூட்டர்களையும் பத்தே நாளில் புதிதாக நிறுவினார்கள் என்று, நிறுவனத்தின் தலைவர் பிறகு டாவோஸ் மாநாட்டில் சொன்னார். நஷ்டம் 25 கோடியிலிருந்து 30 கோடி டாலர் வரை.

ஒரு வரிக் கட்டளையால் உலகம் முழுக்கப் பரவிய சேதத்தைச் சரிசெய்ய, கடைசியில் ஒருவர் கையில் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டியிருந்தது.

பாலாற்றங்கரை மீட்டர்கள்!

கம்ப்யூட்டரும் பிரின்டரும் மட்டும்தான் தூரத்திலிருந்து தொடக்கூடியவை என்று நினைக்க வேண்டாம். தோல் நகரங்களுக்கு இதில் இன்னும் நெருக்கமான சம்பந்தம் உண்டு.

டேனரிக் கழிவால் பாலாறு கெட்டதும், அதற்காக வேலூர் மக்கள் நல அமைப்பு ஒன்று உச்ச நீதிமன்றம் போனதும், 1996 ஆகஸ்ட்டில் வந்த தீர்ப்பும் இந்தியச் சட்ட மாணவர்கள் அனைவரும் படிக்கும் வழக்கு. 'மாசு செய்தவரே அதற்கான செலவைக் கொடுக்க வேண்டும்' என்ற கொள்கையை உறுதி செய்த தீர்ப்பு அது. அதன் பிறகும் கண்காணிப்பு என்றால், அதிகாரி நேரில் வந்து பாட்டிலில் தண்ணீர் எடுத்துப் போவது என்றுதான் இருந்தது.

2014-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், அதிக மாசு ஏற்படுத்தும் 17 வகைத் தொழில்கள் ஆன்லைன் கண்காணிப்புக் கருவிகளைப் பொருத்த வேண்டும் என்று உத்தரவிட்டது. தோல் பதனிடும் தொழிலும் அதில் ஒன்று. தொழிற்சாலையில் இருக்கும் கருவி காட்டும் எண், தானாகவே வாரியத்தின் கம்ப்யூட்டருக்குப் போக வேண்டும் என்பதுதான் நோக்கம். ஆற்றங்கரைக் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கிறவர்களுக்கு, தோட்டத்துக்குப் பாய்ச்சுகிறவர்களுக்கு, தூரத்தில் இருக்கும் அந்தத் திரையும் ஒரு காவல்.

இந்த ஏற்பாட்டுக்குப் பின்னால் இருப்பதும் அதே நான்கு கேள்விகள்தான். எந்தக் கருவி, அதில் எந்தத் தகவல், கேட்பது யார், பாஸ்வேர்டு என்ன? படிக்க மட்டும் அனுமதி உள்ளவர் யார், மாற்ற அனுமதி உள்ளவர் யார் என்பது தெளிவாக இருந்தால்தான், திரையில் தெரியும் எண்ணை ஊர் நம்பலாம். மீட்டரைப் பொருத்தியவர் போட்டுவிட்டுப் போன பாஸ்வேர்டே இன்னும் இருக்கிறதா, மாற்றப்பட்டதா என்று கேட்பது சின்ன விஷயம் போலத் தெரியும். அது சின்ன விஷயம் அல்ல.

உங்கள் போனுக்கும் இதே கதைதான்!

'எங்கள் வீட்டில் சர்வர் இல்லையே' என்கிறீர்களா? கையில் போன் இருக்கிறதே!

தூரத்திலிருந்து ஒரு கம்ப்யூட்டரையோ போனையோ பார்த்து இயக்க, 'எனிடெஸ்க்', 'டீம்வியூவர்' போன்ற செயலிகள் இருக்கின்றன. முறையான செயலிகள்தான். பெங்களூரில் இருக்கும் மகன், ஊரில் அப்பாவின் லேப்டாப்பைச் சரிசெய்வது இவற்றால்தான். கறுப்புத் திரைக் கட்டளைகள் செய்யும் வேலையை, எல்லோரும் பயன்படுத்தும் வகையில் பட்டனாக்கி வைத்திருக்கிறார்கள்.

2019 பிப்ரவரியிலேயே ரிசர்வ் வங்கி இதுபற்றி வங்கிகளை எச்சரித்தது. மோசடிக்காரர், வங்கியிலிருந்து பேசுவது போலப் பேசி, எனிடெஸ்க் செயலியை இறக்கச் சொல்வார். போனில் ஒன்பது இலக்க எண் ஒன்று தோன்றும். "அந்த நம்பரை மட்டும் சொல்லுங்க சார், கே.ஒய்.சி. முடிஞ்சிடும்" என்பார். சொன்ன பிறகு சில அனுமதிகளைக் கேட்கும் பட்டன்களைத் தொடச் சொல்வார். அவ்வளவுதான். உங்கள் திரை அவருடைய திரை. வரும் ஓ.டி.பி. அவர் கண்ணெதிரே.

இங்கே பூட்டை யாரும் உடைக்கவில்லை. நாமே கதவைத் திறந்துவிட்டு, 'வாங்க' என்று கூப்பிட்டிருக்கிறோம்.

வீட்டிலும் ஆபீஸிலும் செய்ய வேண்டியவை!

சின்ன ஆபீஸ், டேனரி, கிளினிக், பள்ளி, பிரவுசிங் சென்டர் என எந்த இடமாக இருந்தாலும், கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்பவரிடம் இந்த விஷயங்களைக் கேட்டுப் பாருங்கள்.

1. எல்லா கம்ப்யூட்டருக்கும் ஒரே அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்டா? அப்படியானால் ஒன்று போனால் எல்லாம் போகும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக மாற்றச் சொல்லுங்கள்.

2. தினசரி வேலைக்கு அட்மினிஸ்ட்ரேட்டர் பெயரில் யாரும் நுழைய வேண்டாம். பில் போடுகிறவருக்குப் பில் போடும் அளவுக்கு அனுமதி போதும்.

3. வேலையை விட்டுப் போனவரின் கணக்கு இன்னும் உயிரோடு இருக்கிறதா? போன அன்றே மூட வேண்டும். வீட்டுச் சாவியைத் திரும்ப வாங்குவது போலத்தான் இதுவும்.

4. எஸ்.எம்.பி. வழி, இன்டர்நெட் பக்கம் திறந்திருக்கக் கூடாது. 2017 மே 12-ம் தேதி 'வானாக்ரை' வைரஸ் உலகைச் சுற்றியது இந்த வழியில்தான். அதை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அந்த மார்ச் மாதமே கொடுத்திருந்தது. போடாதவர்கள் மாட்டினார்கள். வெளியூரிலிருந்து ஆபீஸ் ஃபைல் வேண்டும் என்றால், வி.பி.என். எனப்படும் பாதுகாப்பான தனி வழியை அமைக்கச் சொல்லுங்கள்.

5. முக்கியமான ஃபைல்களுக்கு, எதோடும் இணைக்காமல் கழற்றி வைத்த ஒரு பிரதி இருக்கட்டும். மெர்ஸ்க்கைக் காப்பாற்றியது அப்படி அறுந்து கிடந்த ஒரு பிரதிதான். கரன்ட் கட்டுக்காகக் காத்திருக்க வேண்டாம். வாரம் ஒருமுறை ஹார்ட் டிஸ்க்கில் எடுத்து, கழற்றி, பீரோவில் வையுங்கள்.

6. பாஸ்வேர்டோடு இரண்டாவது சரிபார்ப்பையும் சேர்த்துவிடுங்கள். திருடியவரிடம் சாவி இருந்தாலும், உங்கள் போனுக்கு வரும் கேள்விக்கு அவரால் பதில் சொல்ல முடியாது.

7. போனில் யார் பேசி எந்தச் செயலியை இறக்கச் சொன்னாலும், இறக்காதீர்கள். வங்கி உங்கள் திரையைப் பார்க்கக் கேட்காது. ஏற்கெனவே இறக்கிவிட்டீர்களா? முதலில் இன்டர்நெட்டை அணையுங்கள். செயலியை நீக்குங்கள். வேறு போனிலிருந்து வங்கிக்குப் பேசி கணக்கை நிறுத்தச் சொல்லுங்கள்.

கற்றுக்கொள்ளும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. இந்தக் கட்டளைகளைப் பழகுவதில் தவறே இல்லை. சொந்தமாக இரண்டு பழைய கம்ப்யூட்டர்களை இணைத்து வைத்துக்கொண்டு எவ்வளவு வேண்டுமானாலும் செய்து பார்க்கலாம். நல்ல வேலைக்கான பாதை அது. ஆனால், உரிமையாளர் அனுமதி இல்லாமல் அடுத்தவர் கம்ப்யூட்டருக்குள் மோசடி நோக்கத்தோடு நுழைந்தால், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-வது பிரிவின்படி மூன்று ஆண்டுகள் வரை சிறை அல்லது 5 லட்ச ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அடுத்தவர் பாஸ்வேர்டை மோசடியாகப் பயன்படுத்துவதற்கே 66-சி என்று தனிப் பிரிவு இருக்கிறது. 'சும்மா விளையாட்டுக்கு' என்று போலீஸிடம் விளக்கிக்கொண்டிருக்கும் நிலை வர வேண்டாம்.

நிறுவனங்களுக்கும் கடமை உண்டு. சைபர் தாக்குதல் நடந்தது தெரிந்த ஆறு மணி நேரத்துக்குள் செர்ட்-இன் அமைப்புக்குச் சொல்ல வேண்டும், யார் எப்போது நுழைந்தார்கள் என்ற பதிவுகளை 180 நாள்கள் வைத்திருக்க வேண்டும் என்பது 2022-ல் வந்த விதி. வெளியே தெரிந்தால் பெயர் கெட்டுவிடும் என்று மறைத்தால், அடுத்து மாட்டப்போகிறவருக்கு எச்சரிக்கையே போய்ச் சேராது. கூடங்குளத்தில் செர்ட்-இன் கொடுத்த தகவலால்தான் நிபுணர்கள் உடனே விசாரணையில் இறங்க முடிந்தது.

பணம் பறிபோனால், எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அதைத் தடுத்து நிறுத்தும் வாய்ப்பு அவ்வளவு அதிகம். சைபர் குற்றங்களுக்கான உதவி எண் 1930. வீட்டில் இருக்கும் பெரியவர்களின் போனிலும் இந்த எண்ணை இன்றே பதிந்து கொடுத்துவிடுங்கள்.